சராசரி கணக்குக்கு எக்ஸ், ஒய் தேவையே இல்லை... இரண்டு கழித்தலில் விடை தரும் விகித முறை! போட்டித் தேர்வர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஒரு வகுப்பில் மாணவர்களின் சராசரி மதிப்பெண் 62. மாணவிகளின் சராசரி மதிப்பெண் 74. மொத்த வகுப்பின் சராசரி 69. அப்படியென்றால் மாணவர், மாணவியர் எண்ணிக்கை எந்த விகிதத்தில் இருக்கும்?

கொடுக்கப்பட்ட விடைகள்: 7:5, 5:7, 6:5, 2:3.

டிஎன்பிஎஸ்சி, எஸ்எஸ்சி, வங்கித் தேர்வு என எதற்குப் படிப்பவராக இருந்தாலும் இந்த மாதிரி கேள்வியை ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். மாணவர் எண்ணிக்கை எக்ஸ், மாணவியர் எண்ணிக்கை ஒய் என்று எழுதி, சமன்பாடு அமைத்து, அடைப்புக்குறியைப் பிரித்து, இடம் மாற்றி... கடைசியில் விடை வந்துவிடும். தப்பில்லை. ஆனால் அதற்குள் ஒன்றரை நிமிடம் போயிருக்கும்.

குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்தில் 200 கேள்விகள். ஒரு கேள்விக்கு 54 நொடிதான். எஸ்எஸ்சி சிஜிஎல் முதல்நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்விகள், அதாவது ஒன்றுக்கு 36 நொடி. அங்கே தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழிக்கவும் செய்வார்கள். ஐபிபிஎஸ் கிளார்க் முதல்நிலைத் தேர்வில் கணக்குப் பகுதியின் 35 கேள்விகளுக்கு ஒதுக்கப்படுவது 20 நிமிடம் மட்டுமே. எம்பிஏ படிப்புக்கான ஜிமேட் தேர்வில் 45 நிமிடத்தில் 21 கணக்குகள், கால்குலேட்டர் கிடையாது. இந்த நேரக் கணக்கில் ஒன்றரை நிமிடம் என்பது இரண்டு, மூன்று கேள்விகளைத் தாரை வார்ப்பதற்குச் சமம்.

மேலே சொன்ன கணக்கை இப்படிப் பாருங்கள். 69-லிருந்து 62-ஐக் கழித்தால் 7. 74-லிருந்து 69-ஐக் கழித்தால் 5. இந்த இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். மாணவர் : மாணவியர் = 5 : 7. அவ்வளவுதான்.

பயிற்சி மையங்களில் இதை 'அலிகேஷன்' என்பார்கள். குறுக்குக் கோடு போட்டு, மேலே இரண்டு எண், நடுவில் ஒரு எண், கீழே இரண்டு விடை என்று சொல்லித் தருவார்கள். படம் ஞாபகம் இருக்கும்வரை கணக்கு வரும். தேர்வு அறையில் பதற்றத்தில் எதை எங்கே போடுவது என்று மறந்துபோனால்? 7:5 என்று குறித்துவிட்டு வெளியே வருவார்கள். கேள்வி தயாரிப்பவர்களும் அதைத் தெரிந்துதான் 7:5-ஐ முதல் விடையாகவே வைக்கிறார்கள். அதனால் படத்தை விட, அது ஏன் இடம் மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. புரிந்துவிட்டால் படமே தேவைப்படாது.

ஏன் தலைகீழாக வருகிறது?

வகுப்பின் சராசரி 69. ஒரு மாணவர் சராசரியாக 62 எடுக்கிறார். அதாவது ஒவ்வொரு மாணவரும் வகுப்புக் கணக்கில் 7 மதிப்பெண் 'பாக்கி' வைக்கிறார். ஒவ்வொரு மாணவியும் 74 எடுத்து, 5 மதிப்பெண் கூடுதலாகக் கொண்டுவருகிறார். மொத்தச் சராசரி 69-ல் நிற்க வேண்டுமென்றால், பாக்கியும் கூடுதலும் சரிக்குச் சரியாகக் கழிந்துபோக வேண்டும். ஒரு மாணவருக்கு ஒரு மாணவி என்றால் 7-க்கு 5 போதாது. 5 மாணவர்கள் சேர்ந்தால் பாக்கி 35. 7 மாணவிகள் சேர்ந்தால் கூடுதல் 35. கணக்கு நேர்.

பூங்காவில் இருக்கும் சீசா பலகையை நினைத்துப் பாருங்கள். அப்பா ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம் உட்கார்ந்தால் பலகை சமமாக நிற்க அப்பா நடுவை நோக்கி நகர்ந்து உட்கார வேண்டும். எடை அதிகம் உள்ளவர் நடுவுக்குப் பக்கத்தில், குறைந்தவர் தூரத்தில். சராசரி என்பது அந்தப் பலகையின் நடுக்கட்டை. 69 எந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது? 74-க்கு. அப்படியென்றால் எடை அந்தப் பக்கம்தான் அதிகம். மாணவிகள்தான் அதிகம்.

இந்த ஒரு வரி தெரிந்தாலே போதும், 7:5, 6:5 இரண்டும் கணக்குப் போடாமலேயே அடிபட்டுப் போகும். மிச்சம் இருப்பது இரண்டே விடைகள்.

'எடை' என்றால் என்ன?

எடையிட்ட சராசரி என்ற பெயரைக் கேட்டதும் ஏதோ பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். பிளஸ் 2 முடித்த எல்லா வீட்டிலும் இந்தக் கணக்கு ஒருமுறை போடப்பட்டிருக்கும். பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்குச் சுருக்கி. கணிதத்தில் 96, இயற்பியலில் 88, வேதியியலில் 92 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 92, அதை 200-க்கு மாற்றினால் 184. ஆனால் உண்மையான கட்-ஆஃப் 96 + 44 + 46 = 186. இரண்டு மதிப்பெண் எங்கிருந்து வந்தது? கணிதத்துக்கு இரட்டை எடை என்பதால்தான். 2:1:1 என்ற விகிதம் இருக்கும் இடத்தில் சாதாரணச் சராசரி போட்டால் விடை தப்பும். கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃப்பில் ஒன்று போகும், இயற்பியலில் போனால் அரைதான் போகும் என்று மாணவர்கள் பேசிக்கொள்வதும் இதைத்தான்.

பால் பாக்கெட்டில் ஒரு பாடம்

ஆவின் நீல நிறப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம். பச்சையில் 4.5. ஆரஞ்சில் 6. அரை லிட்டர் நீலமும் அரை லிட்டர் ஆரஞ்சும் ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் கொழுப்பு 4.5 சதவீதத்துக்கு வந்துவிடும், அதாவது பச்சைப் பாக்கெட் அளவு. சம அளவு கலந்ததால் சராசரி சரியாக நடுவில் நிற்கிறது.

5 சதவீதம் வேண்டுமென்றால்? 5-க்கும் 3-க்கும் வித்தியாசம் 2. 6-க்கும் 5-க்கும் வித்தியாசம் 1. இடம் மாற்றினால் நீலம் : ஆரஞ்சு = 1 : 2. ஒரு பங்கு நீலத்துக்கு இரண்டு பங்கு ஆரஞ்சு. பால் பண்ணைத் தொழில்நுட்பம் படிப்பவர்கள் கொழுப்பைச் சமன்படுத்த இதே முறையைத்தான் 'பியர்சன் சதுரம்' என்ற பெயரில் படிக்கிறார்கள். தேர்வுக்கு மட்டும் பிறந்த ஷார்ட்கட் இல்லை இது.

சொல்லப்போனால், இதன் வயது ரொம்ப அதிகம். பாஸ்கராச்சாரியார் 1150-ல் எழுதிய 'லீலாவதி' கணித நூலில் தங்கத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. இரண்டு வேறு மாற்றுத் தங்கங்களை உருக்கி, வேண்டிய மாற்றில் தங்கம் எடுக்க எவ்வளவு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதற்கு அதில் சொல்லப்படும் வழி இதுதான். வேண்டிய மாற்றிலிருந்து வித்தியாசங்களை எடு, மாற்றிப் போடு. நாம் 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று சொல்கிறோமே, அந்த மாற்றுதான்.

இன்றைய கேரட்டில் போட்டுப் பார்க்கலாம். 24 கேரட்டையும் 18 கேரட்டையும் கலந்து 22 கேரட் வேண்டும். 22 - 18 = 4. 24 - 22 = 2. எனவே 24 கேரட் : 18 கேரட் = 4 : 2, அதாவது 2 : 1. இரண்டு கிராம் சுத்தத் தங்கத்துக்கு ஒரு கிராம் 18 கேரட். நகைக்கடையில் சொல்லும் 916 என்பதும் 24-ல் 22 பங்கு, அதாவது ஆயிரத்துக்குச் சுமார் 916 பங்கு தங்கம் என்பதுதான்.

விகிதம் தந்து சராசரி கேட்டால்?

எதிர்த்திசையிலும் இதே வழிதான். 30 பேரின் சராசரி 60, இன்னும் 20 பேரின் சராசரி 75. 50 பேருக்கும் சேர்த்துச் சராசரி என்ன? பெருக்கிக் கூட்டி வகுக்கலாம். அல்லது 60-க்கும் 75-க்கும் உள்ள இடைவெளி 15-ஐ எடுங்கள். ஆட்களின் விகிதம் 3:2, மொத்தம் 5 பங்கு. 15-ஐ 5 ஆல் வகுத்தால் ஒரு பங்கு 3. அதிகம் பேர் இருப்பது 60 பக்கம், அதனால் விடை 60-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 60-லிருந்து இரண்டு பங்கு மட்டும் நகர்ந்தால் 66. கதை முடிந்தது.

சம்பளக் கணக்கில் இன்னொரு வில்லங்கம் உண்டு. ஒரு அலுவலகத்தில் எல்லோருக்கும் சேர்த்துச் சராசரிச் சம்பளம் 20,000 ரூபாய். அதிகாரிகளின் சராசரி 50,000, ஊழியர்களின் சராசரி 16,000. அதிகாரிகள் 8 பேர் என்றால் மொத்தம் எத்தனை பேர்? ஆயிரங்களை விட்டுவிடுங்கள். 20 - 16 = 4, 50 - 20 = 30. அதிகாரிகள் : ஊழியர்கள் = 4 : 30 = 2 : 15. அதிகாரிகள் 8 என்றால் ஊழியர்கள் 60. உடனே 60 என்று குறித்துவிடாதீர்கள். கேட்டது மொத்தம், அதாவது 68. விடைகளில் 60 கட்டாயம் இருக்கும், அது கேள்வி தயாரிப்பவரின் குறும்பு.

இங்கேதான் பலர் கோட்டை விடுறாங்க...

கிலோ 40 ரூபாய் அரிசியையும் 55 ரூபாய் அரிசியையும் எந்த விகிதத்தில் கலந்து, கிலோ 60 ரூபாய்க்கு விற்றால் 25 சதவீதம் லாபம் கிடைக்கும்?

அவசரத்தில் 60-ஐ நடுவில் போடுவார்கள். ஆனால் 40-க்கும் 55-க்கும் நடுவில் 60 எப்படி வரும்? சராசரி எப்போதும் இரண்டு எண்களுக்கு உள்ளேதான் இருக்கும். வெளியே போனால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். 60 என்பது விற்ற விலை, கலவையின் அடக்க விலை இல்லை. 25 சதவீதம் லாபம் என்றால் அடக்கம் 60-ஐ 1.25 ஆல் வகுத்தால் வருவது, 48. இப்போது 48 - 40 = 8, 55 - 48 = 7. விலை குறைந்த அரிசி 7 பங்கு, விலை கூடியது 8 பங்கு. பாலில் தண்ணீர் கலக்கும் கணக்கும் இதே ஜாதிதான். தண்ணீரின் விலை சுழியம் என்று போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

இதைவிட மோசமான பள்ளம் வேகக் கணக்கில் இருக்கிறது. ஒரு பேருந்து போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது மணிக்கு 60 கிலோமீட்டர். சராசரி வேகம்? 50 என்று மனசு சொல்லும். தூரம் சமம்தானே, அப்புறம் ஏன் நடுவில் நிற்காது?

வேகம் என்பது ஒரு 'மணி நேரத்துக்கு' எவ்வளவு என்ற கணக்கு. அதனால் அதன் எடை நேரம், தூரம் இல்லை. மெதுவாகப் போகும்போது அதே தூரத்துக்கு அதிக நேரம் ஆகும். 40-ல் போன நேரமும் 60-ல் போன நேரமும் 3:2 என்ற விகிதத்தில் இருக்கும். இடைவெளி 20, ஐந்து பங்கு, ஒரு பங்கு 4. அதிக நேரம் 40-ல் போனதால் 40-க்குப் பக்கத்தில் இரண்டு பங்கு, அதாவது 48.

சூத்திரத்தை மனப்பாடம் செய்தவருக்கும் 48 வரும். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பி, "பாதி தூரம்" என்பதற்குப் பதில் "பாதி நேரம்" 40-லும் மீதி நேரம் 60-லும் போனது என்று கேட்டால், அவர் மறுபடியும் 48 என்றுதான் எழுதுவார். சரியான விடை 50. எந்தச் சராசரியாக இருந்தாலும் 'ஒரு எதற்கு' என்று கேட்டுக்கொண்டால் எடை எது என்று தெரிந்துவிடும். ஒரு கிலோவுக்கு விலை என்றால் எடை கிலோ. ஒரு ஆளுக்கு மதிப்பெண் என்றால் எடை ஆட்கள். ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் மைலேஜ் என்றால் எடை லிட்டர்.

மூன்று பொருள்களைக் கலந்தால் மட்டும் இந்த வித்தை நேரடியாகப் பலிக்காது. இரண்டு பொருளுக்கு ஒரே விகிதம்தான் வரும், மூன்றுக்கு எத்தனையோ விகிதங்கள் பொருந்தும். அப்போது கொடுத்த விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, பாக்கியும் கூடுதலும் கழிகிறதா என்று பார்ப்பதே வேகமான வழி.

எழுத்தறிவு சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கும் பெண்கள் எண்ணிக்கை

இந்த முறையின் உண்மையான ருசி தேர்வுத் தாளுக்கு வெளியேதான் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளாவின் எழுத்தறிவு 94 சதவீதம். ஆண்கள் 96.11, பெண்கள் 92.07. இந்த மூன்று எண்களும் பொது அறிவுப் பகுதிக்காக எல்லோரும் மனப்பாடம் செய்தவைதான். ஆனால் இதற்குள் இன்னொரு தகவல் இருக்கிறது.

ஆண், பெண் சதவீதங்களின் சரியான நடு 94.09. மொத்தமோ 94.00. நடுவிலிருந்து பெண்கள் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. அப்படியென்றால் அங்கே பெண்கள்தான் அதிகம். எவ்வளவு? 94.00 - 92.07 = 1.93. 96.11 - 94.00 = 2.11. ஆண் : பெண் = 1.93 : 2.11. அதாவது 1000 ஆண்களுக்குச் சுமார் 1093 பெண்கள். அந்தக் கணக்கெடுப்பில் கேரளாவின் பாலின விகிதம் 1084. மக்கள்தொகையைத் தொடாமல், மூன்று சதவீதங்களை மட்டும் வைத்து இவ்வளவு பக்கத்தில் போய்விட்டோம். சின்ன வித்தியாசத்துக்கும் காரணம் உண்டு. எழுத்தறிவு 7 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே கணக்கிடப்படுகிறது, பாலின விகிதத்தில் குழந்தைகளும் சேர்த்தி.

நாடு முழுமைக்கும் இதே கணக்கைப் போட்டால் முகம் மாறுகிறது. 2011-ல் வெளியான முதற்கட்ட முடிவுகளில் மொத்த எழுத்தறிவு 74.04, ஆண்கள் 82.14, பெண்கள் 65.46. நடு 73.80. மொத்தம் ஆண்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. 8.58 : 8.10, அதாவது 1000 ஆண்களுக்கு 944 பெண்கள். அதே முதற்கட்ட முடிவில் வெளியான பாலின விகிதம் 940.

தமிழ்நாட்டில் மொத்தம் 80.09, ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. வித்தியாசங்கள் 6.65, 6.68. ஏறக்குறைய சமம், பெண்கள் ஒரு இம்மி கூடுதல். ஒட்டுமொத்தப் பாலின விகிதம் 996 என்று படித்தவருக்கு இது முரணாகத் தெரியலாம். 6 வயது வரையிலான குழந்தைகளில் 1000 ஆண்களுக்குப் பெண்கள் 943 மட்டுமே என்பதை நினைவில் வைத்தால் முடிச்சு அவிழும். அந்தக் குழந்தைகளைக் கழித்துவிட்டுப் பார்ப்பதால்தான் பெண்கள் பக்கம் தட்டு சற்றே இறங்குகிறது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு

20 ஓவரில் 180 எடுக்க வேண்டும், ஓவருக்கு 9. முதல் 12 ஓவர்களில் ரன் ரேட் 7-தான். மீதி 8 ஓவர்களில் எவ்வளவு வேகம் தேவை? ஸ்கோரைப் பார்க்க வேண்டாம். ஓவருக்கு 2 ரன் வீதம் 12 ஓவருக்குப் பாக்கி 24. அதை 8 ஓவரில் பிரித்தால் ஓவருக்கு 3 கூடுதல். எனவே 9 + 3 = 12.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. 20,000 ரூபாயை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை 8 சதவீதத் தனிவட்டிக்கும் மற்றதை 12 சதவீதத் தனிவட்டிக்கும் போட்டவருக்கு ஆண்டு முடிவில் கிடைத்த வட்டி 1,800 ரூபாய். 12 சதவீதத்துக்குப் போட்டது எவ்வளவு? 1,800 என்பது 20,000-ல் எத்தனை சதவீதம் என்பதை மட்டும் முதலில் கண்டுபிடியுங்கள். விடை 5,000 ரூபாய் என்று வந்தால் சரி. 15,000 வந்திருந்தால் இடம் மாற்ற மறந்துவிட்டீர்கள்.